ஈயத்தாள் கயிறு

வாப்பாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஈரத் தரையில் மினுங்குகிற தாள் எதையும் கிடக்க விடமாட்டார். சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாள், சொக்லட் சுற்றிய தாள், தேயிலைப் பெட்டியிலிருந்து பிய்ந்து விழுந்த துண்டு, எதுவானாலும் குனிந்து எடுப்பார். இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைத்து, மடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். காய்ந்த தரையில் கிடந்தால் கண்டுகொள்ள மாட்டார். பதுளைச் சந்தையில் மீன்கடை வைத்திருந்தவருக்குத் தரை என்றைக்கும் ஈரம்தான். அதனால் நாள் முழுக்கக் குனிந்துகொண்டே இருந்தார். வீட்டில் உடுப்புத் துவைக்கப் போடும்போது உம்மா அந்தப் பையைக் கவிழ்த்துத் தட்டுவார். தாள்கள் விழும். உம்மா அவற்றைப் பெருக்கிவிட்டுத் துவைக்கப் போவார்.

கேலி செய்கிறவர் வாஹித் சாச்சாதான். வாப்பாவின் தம்பி. கடைசி வருடங்களில் கடையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் தராசோடு உட்கார்ந்திருந்தவர்.

"நானாக்கு வெள்ளித்தாள்ல ஒரு பைத்தியம். ராசா வீட்டில பொறந்திருக்க வேண்டிய ஆள்" என்பார். வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள். வாப்பா சிரிக்க மாட்டார். சாச்சாவின் வலது கையை ஒரு தரம் பார்ப்பார். அதில் இரண்டு விரல்கள் உள்நோக்கி மடங்கியபடியே நின்றுவிட்டவை. பிறகு முகத்தைத் திருப்பி மீன் வெட்டத் தொடங்குவார்.

வாப்பா மவுத்தாகி மண்ணில் அடங்கிய பிறகு உம்மா சொன்னது, லொறி ஓட்டிய அழகையா அண்ணன் சொன்னது, அதற்கு முன்பு சாச்சா பல தடவை சொன்னது, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு விளங்கியது. சாச்சாவுக்கு அது இன்னும் தெரியாது.

வாப்பாவின் பெயர் இத்ரூஸ். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது. அவருடைய வாப்பா இறந்தபோது வாஹித் சாச்சா கைக்குழந்தை. அந்தப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வாப்பா மீன்கூடை சுமந்தார் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். உம்மா கல்யாணமாகி வந்த அன்றைக்கு, வாசலில் நின்ற தம்பியைக் காட்டி, "இது என்ட மூத்த புள்ள, இவன்ட மனசு நோகாமப் பாத்துக்க" என்றாராம். மாப்பிள்ளை பேசிய முதல் பேச்சே அதுதான் என்று உம்மா சொல்லிச் சிரிப்பார்.

வாப்பா மெல்ல மெல்லத் தலையெடுத்தார். கடை, பிறகு ஒரு லொறி. லொறி பதுளையிலிருந்து ஐஸ் ஏற்றிக்கொண்டு பசறை, மொனராகலை வழியாகக் கிழக்குக் கரைப் பொத்துவிலுக்கு இறங்கும். அங்கிருந்து மீனோடு ஏறி வரும். மீன் அடுக்குவதற்குத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளில் கழித்துப் போட்ட பெட்டிகளை வாங்கினார். பலகைப் பெட்டி, உள்பக்கம் முழுக்க மினுங்குகிற தாள். ஒரு காலத்தில் ஈயத்தில் செய்தார்களாம். பிறகு அலுமினியத்துக்கு மாறிவிட்டது. பெயர் மட்டும் ஈயத்தாள் என்றே நின்றுவிட்டது. அந்தத் தாள் ஐஸைச் சீக்கிரம் கரைய விடாது. இத்ரூஸின் மீனைத் தின்றால் பிறகு தேத்தண்ணீர் குடிக்கத் தேவையில்லை என்று ஊரில் பகிடி விடுவார்கள்.

சாச்சா பதினெட்டு வயதில் லொறியோடு ஒரு நாள் பொத்துவிலுக்குப் போனார். கடலைப் பார்த்தார். திரும்பி வரவில்லை. அங்கேயே போட்டில் ஏறினார், தொழில் பழகினார், றஷீனா சாச்சியைக் கட்டினார். சில வருடங்களில் ஒரு மெஷின் போட்டுக்குத் தண்டையல் ஆனார். போட்டை நடத்துகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வாப்பா அந்தப் போட்டில் ஒரு பங்கு எடுத்தார். மீனுக்காக எடுத்ததாக ஊருக்குச் சொன்னார். தம்பியைப் பிடித்து வைக்கத்தான் எடுத்தார் என்று உம்மாவுக்குத் தெரியும்.

ஒரே ஒரு தடவை வாப்பா அந்தப் போட்டில் கடலுக்குப் போனார். கரை மறைவதற்குள்ளேயே கீழ்ப்பலகையில் சுருண்டு படுத்து, திரும்பி வரும்வரை வாந்தி எடுத்தார். தலையில் ஐஸ் சாக்கு வைத்தார்களாம். அதற்குப் பிறகு கடல் பக்கமே இல்லை. ஆனால் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாச்சா லொறியில் மேலே வருவார். ஜும்ஆத் தொழுகை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, பாயில் சாய்ந்துகொண்டு கடல் கதை சொல்வார். வாப்பா வெற்றிலையை மெல்ல மறந்து கேட்டுக்கொண்டிருப்பார். அந்த ஒரு பகல் போதும் அவருக்கு, மற்ற நாட்களை அதை வைத்து ஓட்டிவிடுவார்.

அந்த வெள்ளிக்கிழமைகளுக்குள் ஞானசீலன் வந்தார்.

ஞானசீலன் தெமோதரைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிற்சாலையில் தேயிலைப் பெட்டி அடைக்கிற வேலை செய்தவர். தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்குப் போன காலத்தில் அவருடைய தொழிற்சாலையைக் கொஞ்ச நாள் மூடிவிட்டார்கள். கழிவுப் பெட்டிகளோடு கடைக்கு வந்தவர், லொறியிலேயே வேலைக்கு நின்றுவிட்டார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் மனைவி றோசாலியும் இரண்டு பெண் பிள்ளைகளும். வாய் ஓயாத மனிதர். லண்டனில் தேத்தண்ணீர் குடிக்கிற துரைமார் வீட்டுப் பெட்டியிலெல்லாம் தன் கைரேகை இருக்கிறது என்பார். மாதா பாட்டும் பாடுவார், சினிமாப் பாட்டும் பாடுவார், இரண்டையும் கலந்தும் பாடுவார். முதலில் வாப்பாவுக்கே அவரைப் பிடித்திருந்தது.

எழுபத்தாறாம் ஆண்டு கச்சான் காற்று வீசும் காலத்தில் லொறி பொத்துவிலில் பழுதாகி நின்றது. மாற்றுச் சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். சும்மா கிடந்த ஞானசீலனை சாச்சா கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மலையில் பிறந்து வளர்ந்த அந்த மனிதருக்கு வாந்தி வரவில்லை. அந்தச் செய்தியே வாப்பாவுக்கு அவ்வளவு நல்ல செய்தியாக இருக்கவில்லை.

சாச்சாவின் போட்டில் போடுவது நீளக் கயிறு. ஒரே கயிற்றில் இடைவெளி விட்டு நூற்றுக்கணக்கான தூண்டில்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாளை மீன் இரை. விடியற்காலையில் போட் ஓட ஓட, பின்பக்கத்தால் கயிறு கடலுக்குள் இறங்கும். இரை தாழக் கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த நேரத்துக்குள் ஆலாப் பறவைகளும், சிறகு நீண்ட கறுப்புக் கடற்பறவைகளும் விழுந்து இரையைக் கவ்வும். தூண்டில் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கயிறு தாழும்போது பறவையும் தாழும். பிறகு இழுக்கும்போது, சுறா வரவேண்டிய இடத்தில் சிறகு ஒட்டிப்போன பறவை வரும்.

சாச்சாவுக்கு அது பொறுக்காது. ஆலா கூட்டமாக விழுகிற இடத்தைப் பார்த்துத்தான் சூரை மீன் எங்கே நிற்கிறது என்று கடலில் கண்டுபிடிக்கிறார்கள். வழி காட்டினதையே கொல்லுகிறோம் என்பார். செத்த பறவையைக் கழற்றும்போது, மனுஷர் மவுத்தைக் கேட்டால் சொல்வதுபோல, "இன்னா லில்லாஹி" என்பார். போட்டில் இருப்பவர்கள், "தண்டையல், சுத்திப் பொதைக்கக் கபன் துணியும் கொண்டாரவா?" என்று கேட்பார்கள்.

இதைப் பார்த்த ஞானசீலனுக்கு றோசாலியின் தோட்டம் ஞாபகம் வந்தது. லயத்துக்குப் பின்னால் அவர் முட்டைக்கோவா நாற்றுப் போடும் பாத்தி. சிட்டுகள் கொத்தாமல் இருக்க, பாத்திக்கு மேலே நூல் கட்டி ஈயத்தாள் துண்டுகளைத் தொங்கவிடுவார்கள். தோட்டங்களில் எல்லாரும் செய்வதுதான்.

அடுத்த பயணத்தில் ஞானசீலன் மூங்கில் கம்பொன்றையும் ஈயத்தாளையும் கொண்டு போனார். போட்டின் பின்பக்கத்தில் கம்பை நட்டு, அதன் நுனியிலிருந்து ஒரு கயிற்றைப் பின்னால் நெடுந்தூரம் விட்டு, முனையில் ஒரு மிதவையைக் கட்டினார். போட் ஓடும்போது மிதவை இழுக்க, கயிறு வானத்தில் விறைத்து நின்றது. அதில் முறுக்கிக் கட்டிய தாள் துண்டுகள், தண்ணீரைத் தொடாத அளவுக்குக் கட்டையானவை. கச்சான் காற்றில் அவை சுழன்று மினுங்கின. அவற்றுக்குக் கீழே இரைகள் அமைதியாகத் தாழ்ந்தன. பறவைகள் வெளியே வட்டமிட்டுச் சத்தம் போட்டன, உள்ளே வரவில்லை.

இதை சாச்சா ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து சொன்னார்.

"நீங்க பாத்திருக்கணும் நானா. ஒரு ஆலா மாட்டல்ல அண்டைக்கு. ஞானமண்ணன் கம்பப் புடிச்சிக்கிட்டுப் பாட்டு வேற."

வாப்பா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். "யாரு?"

"ஞானமண்ணன்தான். நம்மட ஞானசீலன்."

"லொறில சாமான் ஏத்துறவன்."

"அந்த ஆள்ட தலைக்குள்ள எவ்வளவு இருக்கு தெரியுமா நானா?"

அன்று முழுக்க ஞானமண்ணன்தான். ஞானமண்ணன் எப்படிக் கடலில் நின்றார், ஞானமண்ணன் றஷீனாவின் மீன்குழம்பைப் பற்றி என்ன சொன்னார், ஞானமண்ணன் இல்லாத நாளில் போட்டே வெறிச்சென்று கிடக்கிறது. சாச்சா லொறி ஏறிப் போன பிறகு வாப்பா உம்மாவிடம், "பறவைக்காகவா கடலுக்குப் போறானுகள் இவனுகள்?" என்றார். உம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டே, "நீங்க இரண்டாந்தாரம் வந்த வீட்டு மூத்த பொண்டாட்டி மாதிரிக் கெடக்கிறீங்க" என்றாராம். வாப்பா பிறகு இரண்டு நாள் உம்மாவோடு பேசவில்லை.

இதைக் கேட்டபோது நான் உம்மாவோடு சேர்ந்து சிரித்தேன், பிறகு எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. பேராதனையில் படிக்கும்போது, என் அறைத்தோழியின் கட்டுரையை விரிவுரையாளர் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அவள் எனக்காகக் காத்திருந்து சாப்பிடுகிறவள். அன்றைக்கு நான் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் முதல் தடவையாகப் பட்டம் எடுக்கப் போனவள் நான். வீட்டிலிருந்து நான் எதை எடுத்துக்கொண்டு போனேன் என்று இப்போது யோசிக்கிறேன். வாப்பாவைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுகிற இடத்தில் நான் இல்லை. ஆனால் அவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதவும் முடியாது.

இரை பறிபோகாததால் மீன் கூடியது. மற்றப் போட்காரர்கள் வந்து பார்த்தார்கள். எங்களுக்கும் ஒன்று கட்டித் தாங்க என்றார்கள். பொத்துவில் கரையில் அதற்கு ஞானம் கயிறு என்று பெயர் விழுந்தது. ஒவ்வொரு பயணத்துக்கும் ஞானசீலன் வாப்பாவின் பழைய பெட்டிகளில் தாள் உரித்து மூட்டை கட்டினார். வாப்பா ஒரு நாள் கடைக்கு முன்னால் எல்லோரும் கேட்கும்படியாக, "அதெல்லாம் என்ட பெட்டிட தாள்தானே?" என்றார்.

"ஆமாங்க மொதலாளி" என்றார் ஞானசீலன். "தாளு ஒங்களுது, மூள நம்மளுது."

கடையே சிரித்தது. ஞானசீலனும் வழக்கமான பகிடியாகத்தான் சொன்னார். வாப்பாவும் சிரித்தார் என்று அழகையா அண்ணன் சொன்னார். சிரித்துக்கொண்டே மீன் வெட்டியதில் விரலையும் வெட்டிக்கொண்டாராம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாப்பா ஒரு மூட்டை ஈயத்தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து முன்கதவைச் சாத்தினார். உம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினார். இரண்டு பேரும் கட்டினார்கள். ஞானசீலனுடையது போலச் சிறு துண்டுகள் இல்லை. உள்ளங்கை அகலம், முழ நீளம். ஒன்றுக்கு நான்காக, நெருக்கமாக. கட்டக் கட்ட வாப்பாவுக்கு முகம் மலர்ந்தது. தன் கயிறு போட்டால் பொத்துவில் கடலே வெளிச்சமாகும் என்றார். பிறகு தானே கீழே போய், வாஹித்துக்கு முன்னால் நின்று, இது என்ட கையால செஞ்சது என்று சொல்வதாக இருந்தார்.

உம்மா கேட்டார்: "இவ்வளவு பாரம் தாங்குமா? தண்ணில விழாதா?"

"விழுந்தா என்ன? மினுங்குதுதானே. மினுக்கத்துக்குத்தான் குருவி பயப்படும். தெமோதரையில பாக்கல்லியா, நெலத்திலயே விரிச்சிருக்கிறானுகள்."

வாப்பா சொன்னது பொய்யில்லை. தோட்டத்தில் சிலர் நாற்றுக்குப் பக்கத்தில் மண்ணிலேயே ஈயத்தாளை விரித்துவிடுவார்கள். சிட்டு கிட்டே வராது. மலையில் மினுங்குகிற எதையும் பறவை தின்பதில்லை. ஆனால் கடலில் பறவைக்கு மினுங்குவதுதான் சாப்பாடு. ஒரு தடவை கண்ணைத் திறந்து கடலைப் பார்த்திருந்தால் வாப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். அவர் போட்டின் அடிப்பலகையைத்தான் பார்த்தார்.

அந்தக் கிழமை ஞானசீலன் லீவு. மூத்த மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மைப் பூசை. வாப்பா கயிற்றைச் சாக்கில் போட்டு அழகையா அண்ணனிடம் கொடுத்தார். தன் பெயரில் அனுப்பினால் வாஹித் சிரித்துவிட்டுக் கரையில் போட்டுவிடுவான் என்று பயம். அதனால் ஞானம் கட்டிக் கொடுத்தது என்று சொல்லச் சொன்னார். பலித்த பிறகு உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம்.

அழகையா அண்ணன் சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "மொதலாளி, ஞானம் கட்டுற கட்டு வேற மாதிரியில்ல இருக்கும்?"

"நீ லொறிய ஓட்டு" என்றார் வாப்பா.

அன்று கடலில் காற்று விழுந்துவிட்டது. கண்ணாடி மாதிரிக் கிடந்தது என்று, கையைப் பற்றி யாராவது கேட்டால் மட்டும், சாச்சா இப்போதும் சொல்வார். கயிற்றைக் கட்டிப் போட்டை ஓட்டியதும் கம்பு வளைந்தது. பாரத்தில் கயிறு தொய்ந்து தண்ணீரில் படுத்தது. அகலமான தாள்கள் அலையோடு புரண்டு புரண்டு மினுங்கின. தூரத்திலிருந்து பார்த்தால் சாளைக் கூட்டம் மேலே வந்து துள்ளுகிறது என்றுதான் தோன்றும். ஆலாக்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. எங்கிருந்தோ வந்தன. வானம் தெரியாத அளவுக்கு வந்து, தாளில் விழுந்து, ஏமாந்து, பக்கத்தில் தாழ்ந்துகொண்டிருந்த இரைகளில் விழுந்தன. கத்தினபடியே தண்ணீருக்குள் போயின.

சாச்சா அந்தக் கயிற்றை இழுத்து எடுக்கப் பார்த்தார். அது தூண்டில் கயிற்றோடு சிக்கிக்கொண்டது. சிக்கிய இடத்தில் ஒரு ஆலா உயிரோடு அடித்துக்கொண்டிருந்தது. அதைக் கழற்றக் குனிந்தார். கயிறு ஓடியது. தூண்டில் அவருடைய உள்ளங்கையில் ஏறி மறுபக்கம் வந்தது.

ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். புண் சீழ் பிடித்தது. ஒரு கிழமைக்குப் பிறகு, கையைத் துணியில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டு, காய்ச்சலோடு, சாச்சா லொறியில் பதுளைக்கு வந்தார். கடையில் வாப்பாவும் ஞானசீலனும் இருந்தார்கள். சாச்சா சாக்கைக் கவிழ்த்தார். ஈயத்தாள் கயிறு கடையின் ஈரத் தரை முழுக்கப் பரவிக் கிடந்து மினுங்கியது. அதில் இறகுகள் ஒட்டியிருந்தன.

"பேருக்கு ஆசப்பட்டு இப்பிடியா அண்ணே செய்வீங்க?" என்றார் சாச்சா. "எவ்வளவு செத்துது தெரியுமா?"

ஞானசீலன் குந்தியிருந்து கயிற்றை எடுத்துப் பார்த்தார். "இது எங் கட்டு இல்ல தம்பி. நான் முறுக்கித்தானே கட்டுவேன். இது யாரோ கல்யாண வீட்டுக்குத் தோரணம் கட்டியிருக்காங்க."

"நீங்க தந்ததெண்டு அழகையா கொண்டந்து தந்தான்."

எல்லோரும் அழகையா அண்ணனைப் பார்த்தார்கள். அவர் லொறியின் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கும் சோறு போடப் பிள்ளைகள் இருந்தார்கள். சாச்சா கொஞ்சம் காத்திருந்தார். பிறகு, "செஞ்சதக்கூடச் செஞ்சேன் எண்டு சொல்ல ஏலாமப் போச்சா" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த றஹீமின் தேத்தண்ணீர்க் கடைக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

ஞானசீலன் அழகையாவைப் பார்த்தார். பிறகு வாப்பாவைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"மொதலாளி, தம்பி அந்தா இருக்காரு. கூப்பிட்டு ஒரு வார்த்த சொல்லிருங்க. போதும்."

வாப்பா சொன்னார்: "லொறிக்கு ஐஸ் ஏத்தணும். நேரமாகுது."

ஞானசீலன் தோளிலிருந்த துவாயை எடுத்துக் கைகளை மெதுவாகத் துடைத்தார். அவ்வளவு பேசுகிற மனிதர் அன்றைக்குக் குரலை உயர்த்தவில்லை என்று அழகையா அண்ணன் சொன்னார்.

"ஏத்துங்க. ஆனா அந்த வார்த்த எனக்கு வரவேண்டியதுங்க. என்னைக்காச்சும் குடுத்துருங்க."

பஸ் நிலையத்துப் பக்கம் நடந்து போனார். வாப்பா குனிந்து, தரையில் கிடந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

பொத்துவில் கரையில் ஞானம் கயிறு அதோடு முடிந்தது. ஈயத்தாள் கட்டினால் பறவை கூடும் என்று கதை பரவி, எல்லாப் போட்டுகளிலும் அவிழ்த்தெறிந்தார்கள். நல்ல கயிறு எது, கெட்ட கயிறு எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் தெமோதரையில் இருந்தார். பிரித்துச் சொல்ல வேண்டியவர் பதுளையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

வாப்பா ஆசைப்பட்டதெல்லாம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். சாச்சா அதற்குப் பிறகு ஞானமண்ணன் என்ற பெயரை எடுக்கவில்லை. விரல்கள் மடங்கிய கையால் கயிறு இழுக்க முடியவில்லை. போட்டை விட்டார். றஷீனா சாச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பதுளைக்கே வந்து, எங்கள் வீட்டுக்கு அடுத்த வளவில் குடியிருந்து, வாப்பாவின் கடையில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தவர் தினமும் பக்கத்தில். ஆனால் அவர் கடல் கதை சொல்வதை விட்டுவிட்டார். வாப்பாவும் கேட்கவில்லை.

இப்போது சொன்னால் தம்பி எழுந்து போய்விடுவான். வாப்பாவின் பயம் அதுதான். அந்தக் கையைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டிய வார்த்தை பெரிதாகிக்கொண்டே போனது. பெரிதாகப் பெரிதாக அவருடைய வாய்க்கு வெளியே வர இடமில்லாமல் போனது.

ஒரு தடவை பொத்துவிலிலிருந்து வந்த பெட்டியில், மீனுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு ஆலா கிடந்தது. போட்டில் யாரோ விளையாட்டுக்குப் போட்டிருப்பார்கள். தொண்டையில் தூண்டில் கிழித்த இடம் வெளுத்திருந்தது. சாச்சா, "இன்னா லில்லாஹி" என்றார். வாப்பா அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக்கொண்டு சந்தைக்குப் பின்னால் ஆற்றோரமாகப் போனார். வர வெகுநேரம் ஆனது. கையில் மண் இருந்தது.

எழுபத்தொன்பதில் ஞானசீலன் குடும்பத்துக்கு இந்தியாவுக்குப் போகும் நாள் வந்தது. தோட்டத் தொழிலாளரைப் பிரித்துக்கொள்ள இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் அங்கே என்று பதியப்பட்டவர்கள். அவர்கள் யாருமே இந்தியாவைக் கண்டதில்லை. தலைமன்னார் வரைக்கும் ரயில், பிறகு கப்பல். செய்தி கேட்டு வாப்பா ஒரு பெட்டி நிறையக் கருவாடு கட்டி எடுத்துக்கொண்டு தெமோதரை ஸ்டேஷனுக்குப் போனார். சாச்சாவிடம் அப்புத்தளைக்குப் போவதாகச் சொன்னார்.

ஸ்டேஷனில் ஒரே அழுகை. போகிறவர்களும் நிற்கிறவர்களும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஞானசீலன் பெட்டிகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். வாப்பா கருவாட்டுப் பெட்டியை முன்னால் வைத்தார்.

"கருவாடு கொண்டாந்தீங்களா மொதலாளி" என்றார் ஞானசீலன். "வார்த்த கொண்டாரலியா?"

வாப்பா பெட்டியின் கயிற்றை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினார். தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அல்லது அந்த இடத்திலேயே, நான்தான் செய்தேன், மன்னித்துக்கொள் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்ததாகத்தான் உம்மாவிடம் சொன்னாராம். அப்போது றோசாலி, "பிள்ளைங்களுக்கு வழியில ஆகும், எடுத்து வைங்க" என்று பெட்டியைத் தூக்கினார். ரயில் வந்துவிட்டது. ஞானசீலன் ஏறி, ஜன்னலில் தலையை நீட்டிச் சிரித்தார். பழைய சிரிப்பு. "அங்கயும் கடல் இருக்காமுங்க, மொதலாளி" என்றார். கொடைக்கானல் பக்கமோ நீலகிரிப் பக்கமோ போனதாகக் கேள்வி. எந்த ஊர் என்று வாப்பா யாரிடமும் கேட்டு வைக்கவில்லை.

வாப்பா எண்பத்தைந்தாம் ஆண்டு மவுத்தானார். சுகமில்லாமல் கிடந்த நாட்களில் சாச்சாதான் அவருக்குக் கஞ்சி கொடுத்தார், முகம் கழுவிவிட்டார். மடங்கிய விரல்களால் கரண்டியைப் பிடிக்கத் தெரியாமல் கஞ்சி சிந்தும். வாப்பா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். "வாஹித்" என்பார். சாச்சா, "என்ன நானா?" என்பார். "ஒண்டுமில்ல." இது பல தடவை நடந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பாசம் என்று நினைத்தேன். பாசம்தான்.

உம்மாவிடம் பிறகு கேட்டேன், நீங்களாவது சொல்லியிருக்கலாமே என்று. "கட்டினது நானுந்தானே" என்றார் உம்மா.

ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன், எங்கள் வழக்கப்படி, இறந்தவருடைய கடன்களுக்கு ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. சாச்சா வாசலில் எழுந்து நின்றார். முற்றம் நிறைய ஆட்கள். சந்தைக்காரர்கள், தோட்டத்திலிருந்து வந்தவர்கள், பின்னால் அழகையா அண்ணன். நாங்கள் பெண்கள் உள்ளே திரைக்குப் பின்னால்.

"எங்கட நானா யாருக்காவது ஏதாவது குடுக்க வேண்டியிருந்தா என்னட்ட வாங்க" என்றார் சாச்சா. "அது எதுவா இருந்தாலும் நான் பொறுப்பு."

உம்மா என் முழங்கையைப் பிடித்தார். வலிக்கும்படி பிடித்தார். முற்றத்தில் அழகையா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் முன்னால் வரவில்லை. ஜனாஸாவைத் தூக்கினார்கள்.

நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்து சாச்சா எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். உம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஆற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு நாளாக் காத்திருந்தேன் மதினி. ஒருத்தரும் வரல்ல. எங்கட நானா ஒரு கடனும் வைக்காமப் போயிட்டார்."